அன்னப்பறவைக்கு வெளிச்சம் எங்கிருந்து?

கேள்வி: நண்பர் அன்னப்பறவை வடிவிலான பழைய பர்மிய வெண்கல எடைக்கற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். கருப்புத் துணியில் வைத்து பிலிமில் எடுத்தேன். எல்லாம் வெளிறிப்போய்விட்டன. ஏன்?
– வாசகர், யாங்கூன்

பதில்: துணிதான் காரணம். அவ்வளவு கருப்பைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டியிருக்கும். பிரிண்ட் போட்டவரும் ஏமாந்து படத்தை இன்னும் வெளிற வைத்திருப்பார். சாம்பல் நிறத் துணி போடுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், அன்னத்தின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழும். காலையில் ஜன்னலோரம் மேசையைப் போட்டு, ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. 400 வேக பிலிம், லென்ஸ் திறப்பு எஃப் 11, ஸ்டாண்ட், கேமரா அசையாமல் ஷட்டரை அழுத்த கேபிள் ரிலீஸ். ஷட்டர் கால் நொடி ஆனாலும் கவலையில்லை, கல் ஓடாது. 50 எம்எம் லென்ஸ் கிட்டே போகாது என்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற குழாயை மாட்டுங்கள்.

அப்புறம், நண்பர் பாசத்தில் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்கப் போகிறார், தடுத்துவிடுங்கள்! அந்தப் பச்சைக் களிம்பில்தான் வயது தெரியும். அடியில் முத்திரை இருந்தால் அதற்கும் ஒரு படம் ஒதுக்குங்கள். பர்மாவின் எடை அளவான 'விஸ்', பெயரில் நம் பழைய வீசைதான்; ஆனால் பர்மிய விஸ் சுமார் 1.6 கிலோ, நம் வீசை சுமார் 1.4 கிலோ. கல்லை நிறுத்துப் பார்த்து எடையையும் படத்தின் பின்னால் எழுதுங்கள்.