கீமோவுக்குப் பின் வெள்ளையணு 600: மருந்து தவறிவிட்டதா?

இல்லை, மருந்து வேலை செய்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கு ஏழு நாள் சைட்டரபின், மூன்று நாள் டானோரூபிசின் என்ற கீமோ மருந்துகள் ஏறிய பிறகு உங்கள் தம்பியின் வெள்ளையணு 48,000-லிருந்து 600-க்கு இறங்கியது எதிர்பார்த்த இறக்கமே.

செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நேரத்தில் சைட்டரபின் உள்ளே புகுந்து அந்த வேலையை முடக்குகிறது. டானோரூபிசின், டி.என்.ஏ. இழைகள் உடைந்தபடியே நிற்கச் செய்கிறது. பழுதைச் சரிசெய்ய முடியாத புற்றுச்செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கூடவே, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் மடிகின்றன. மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அந்த நல்ல செல்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் மீண்டும் தலையெடுக்கும்.

ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகை) எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால், நீங்கள் தங்கியிருக்கும் காந்தி ரோடு லாட்ஜைக் காலி செய்து இப்போது ஊருக்கு, குடியாத்தம் போகவே வேண்டாம். தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. காய்ச்சல் மறையும், தொற்று மறையாது.

ஒன்று மட்டும்: எண்ணிக்கை இறங்கியதாலேயே நோய் அடங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, ரத்த அணுக்களும் மீண்டிருக்கின்றனவா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.