மூலை மங்கினால் அடாப்டரை மாற்றுவதா, லென்ஸை விற்பதா?

கேள்வி: சோனி ஏ7 மார்க் 3 வாங்கியிருக்கிறேன். பழைய நிக்கான் ஏஐ 24 மி.மீ. எஃப்2.8, திருகு மவுன்ட் ஃபோக்ட்லாண்டர் 21 மி.மீ. எஃப்4 இரண்டையும் மலிவான அடாப்டர்களில் மாட்டி வேலூர்க் கோட்டையில் படமெடுத்தேன். இரண்டிலும் மூலைகள் மங்குகின்றன. 21-இல் ஓரங்கள் ஊதாச் சிவப்பாகவும் வருகின்றன. அடாப்டரை மாற்றவா, லென்ஸ்களை விற்கவா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: பார்க்க ஒரே கோளாறு போலத்தான் இருக்கும், ஆனால் காரணம் வேறு வேறு. 24-க்கு அடாப்டரைச் சந்தேகியுங்கள். 21-க்கு எவ்வளவு விலை உயர்ந்த அடாப்டர் போட்டாலும் பயனில்லை.

முதலில் 24. நிக்கான் எஃப் மவுன்ட்டிலிருந்து (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்) ஃபிலிம் வரை 46.5 மி.மீ.; சோனியில் சென்சார் வரை 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ. அடாப்டரின் கனம். சற்றுக் கூடினால் தூரத்து மலையே ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் மெல்லியதாகவே செய்கிறார்கள். 0.1 மி.மீ. குறைந்தாலே, மலைக்கு ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் ஃபோகஸ் வளையம் 6 மீட்டர் குறியருகே நிற்கும். சாதாரண லென்ஸில் இதனால் தூர அளவுகோல்தான் பொய் சொல்லும். உங்கள் 24-இல் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி தனியாக நகர்ந்து கிட்டத்துப் படங்களைத் திருத்துகிறது. தூரத்துக் காட்சிக்கு அது 6 மீட்டருக்கான இடத்தில் நின்றால் மூலைகள்தான் அடிவாங்கும்.

சோதனைக்குக் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள் வேண்டாம். ஓரத் தூண் கிட்டே, நடுத் தூண் தள்ளி. அங்கே வரும் மங்கல் எதனால் என்றே தெரியாது. வெளியே வந்து மலைமுகட்டை நடுவில் வைத்து, எஃப்2.8-இல் (துளையை முழுதும் திறந்து), திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் 6 மீட்டரில் நின்றால் 0.1 மி.மீ. குறைவு, 12-இல் நின்றால் 0.05, 3-இல் நின்றால் 0.2. பெரும்பாலான அடாப்டர்களில் லென்ஸ் பக்கத்து வளையத்தைச் சிறு திருகுகளை எடுத்துக் கழற்றலாம். ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். அதில் வளையம் வெட்டி அடியில் வைத்து, திருகுகளைச் சமமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் உயர்ந்தால் அடுத்த தொல்லை தொடங்கும்: இடது மூலை தெளிவு, வலது மூலை மங்கல். அப்படி வந்தால் அதே அடாப்டரில் வேறொரு லென்ஸைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் அடாப்டர்தான் சாய்ந்திருக்கிறது.

21 ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ். நடுவில் பிரதிபலிப்புக் கண்ணாடி புரளும் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குச் செய்ததல்ல என்பதால் பின்பக்கம் ஃபிலிமை ஒட்டி நிற்கும். ஓரங்களில் ஒளி மிகச் சாய்வாக விழும். ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது. சோனி சென்சாருக்கு முன்னால் சுமார் 2 மி.மீ. வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. சாய்ந்த கதிர் அதற்குள் நீண்ட தூரம் கடந்து ஃபோகஸ் சிதறுகிறது, நிறமும் திரிகிறது. துளையை எஃப்8, எஃப்11-க்குக் குறைத்தால் மங்கல் ஓரளவு அடங்கும், ஊதாச் சிவப்புச் சாயல் போகாது.

சாயலுக்கு மருந்து உண்டு. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸ் முகப்பில் ஒட்டிப் பிடித்து, சீரான நிழல் வெளிச்சத்தில், படமெடுத்த அதே எஃப் எண், அதே ஃபோகஸில் ஒரு ரா (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) படம் எடுங்கள். இலவச ராதெரபி மென்பொருளில் அதை ஃபிளாட் ஃபீல்டு (ஒப்பிட்டுத் திருத்தும் வெள்ளை) படமாகக் கொடுத்தால் சாயலும் ஓர இருட்டும் கழிந்துவிடும். எஃப் எண் மாறினால் வேறு வெள்ளைப் படம் வேண்டும். கருப்பு வெள்ளைதான் எடுக்கிறீர்கள் என்றால் நிறத்தைப் பற்றிய கவலையே இல்லை.

கேமராவின் அசைவுத் தடுப்புக்குக் குவியத் தூரத்தை மெனுவில் நீங்களே 24, 21 என்று மாற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

21-ஐ விற்கும் முன் நிக்கான் இசட் கேமரா வைத்திருப்பவரிடம் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அதன் சென்சார் கண்ணாடி சோனியைவிட மெல்லியது. இதே லென்ஸின் மூலைகள் அதில் தேறும்.