கடல் அலை மின்சாரம் ஏன் காற்றாலை போலப் பரவவில்லை?

"கடல் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறதே, அதிலிருந்து மின்சாரம் எடுப்பது ஏன் இன்னும் பெரிய தொழிலாகவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஓதத்தையும் அலையையும் பிரித்துக்கொள்வோம். ஓதம் என்பது நிலாவின் கணக்குப்படி கடல்மட்டம் ஏறி இறங்குவது, நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966இல் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம் பல பத்தாண்டுகளாக மின்சாரம் தருகிறது. ஆனால் அவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள கரைகள் குறைவு.

அலைதான் படுத்துகிறது. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. சின்ன அலையிலும் சம்பாதிக்க வேண்டிய கருவி, புயலிலும் உடையாமல் நிற்க வேண்டும். அந்த உறுதிக்குத்தான் பணம் கரைகிறது.

கேரளத்தின் விழிஞ்சத்தில் சென்னை ஐஐடி 1991இல் 150 கிலோவாட் சோதனை நிலையம் அமைத்தது. கடலுக்குள் ஒரு கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறினால் காற்று வெளியே தள்ளப்படும், இறங்கினால் உள்ளே இழுக்கப்படும். எந்தப் பக்கம் காற்று போனாலும் விசிறி ஒரே திசையில்தான் சுற்றும். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் சோதனையோடு நின்றுவிட்டது.

சரி, தொழில் வளர என்ன வேண்டும்? ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2003இல் தொடங்கிய சோதனை மையத்தைப் பாருங்கள். கடலடிக் கேபிள் தயாராக இருக்கும், கருவியைக் கொண்டுவந்து இணைத்தால் போதும். அங்கே 2004இல் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பிய, அலைக் கருவி செய்த பெலாமிஸ் நிறுவனமே 2014இல் முதலீடு கிடைக்காமல் முடங்கியது. மின்சாரத்துக்கு இன்ன விலை கிடைக்கும் என்ற நீண்டகால உறுதியை அரசு தராவிட்டால் இங்கேயும் அதே கதிதான் என்று நினைக்கிறேன்.