புது மனைப்பிரிவு வரும் முன் வெள்ள அபாய ஆய்வு கேட்டால் பலன் உண்டா?

நீங்கள் கேட்டது இதுதான்: ஊராட்சியில் ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சையை மனைகளாகப் பிரிக்கப் போகிறார்கள், அதற்கு முன் வெள்ள அபாயத்தை ஆராயுங்கள் என்று கிராம சபையில் கேட்கலாமா, கேட்டால் நடக்குமா, எதைப் பார்க்கச் சொல்வது?

கேளுங்கள். மனை விற்றுப் பதிவாகும் முன் கேளுங்கள். விற்ற பிறகு கேட்டால், அங்கே கடன் வாங்கி இடம் வாங்கியவர்களே உங்களுக்கு எதிராக நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நானே அப்படி ஒருத்தியாக இருந்தேன்.

நீங்கள் சென்னைக்கோ வேறு பெரிய நகரத்துக்கோ ஓரத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. ஒரு தனியார் கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில் 27 வருடம் வரைவாளராக வேலை பார்த்தேன். மற்றவர்களின் மனைப்பிரிவு வரைபடங்களை நூற்றுக்கணக்கில் வரைந்தவள். 2009-ல் தாம்பரத்துக்கு மேற்கே வரதராஜபுரம் பக்கம் ஒரு நகரில் அரை கிரவுண்ட் வாங்கி வீடு கட்டினோம். அனுமதி பெற்ற மனை, சுத்தமான பத்திரம், வங்கி வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்ன இடம். பட்டா பார்த்தேன், புல வரைபடம் பார்த்தேன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. சம உயரக் கோடு போடத் தெரிந்த நான் சொந்த மனைக்கு அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

"ஏரியில் வீடு கட்டினால் தண்ணீர் வரத்தானே செய்யும்" என்று எழுத வருபவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மனை ஏரி இல்லை, புறம்போக்கும் இல்லை, நூறு வருடம் நெல் விளைந்த பட்டா நிலம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அது எவ்வளவு என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மேல் மட்டும் விழுந்த தண்ணீர் ஏறக்குறைய 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்பது. அந்த இரவு கரண்ட் இல்லை. வாசல் படியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டு எழுந்தோம். மாமியாரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டு போவதற்குள் ஹாலில் முழங்கால் அளவு வந்துவிட்டது. விடிந்தபோது ஜன்னலின் பாதி வரை தண்ணீர். மூன்றாம் நாள் படகில்தான் வெளியே வந்தோம். வடிந்து முடிய ஐந்து நாள் ஆனது.

எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததுதான் காரணம் என்றார்கள். அந்த இரவு அங்கிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி திறந்துவிட்டதும், கீழே சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியதும் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. நாங்கள் அதற்கும் மேலே இருக்கிறோம். எங்களுக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே வடியத் தாமதமாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதே எங்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதம் வரை தெரியாது. தெரியாததால் தவறான இடத்தில் மனு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வடிந்த பிறகு எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு சேற்றுக் கோடு இருந்தது. ஜனவரியில் ஆளாளுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டில் பெயின்டர் அந்தக் கோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை. பல லட்சம் கொடுத்தாலும் கிடைக்காத அளவு அது, ஒரு வாளி பிரைமரில் போய்விடப் போகிறது. அன்று சாயங்காலமே சிவப்பு பெயின்ட் வாங்கி வந்து ஒவ்வொரு வீட்டுக் கேட் தூணிலும் கோடு போட்டேன். சிலர் "வீட்டு விலை இறங்கிடும், போடாதீங்க அக்கா" என்றார்கள். அவர்கள் வீட்டில் காம்பவுண்டுக்கு உள்பக்கம் போட்டுக்கொடுத்தேன்.

அப்புறம் மட்டம் எடுத்தோம், அதாவது எந்த இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தோம். முதலில் கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல், தண்ணீர் நிரப்பிய குழாய். தூரம் கூடக்கூடப் பிழை ஏறியது. பழைய சகா ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை இரவல் கொடுத்தார். தெருமுனைச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு புள்ளியை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 84 வீட்டுச் சிவப்புக் கோடுகளையும் அந்த வீட்டு வாசல் தரையையும் அளந்தோம். என் பையனும் பக்கத்துத் தெருப் பையன்களும் அளவுகோலைப் பிடித்தார்கள். வெள்ளத்தின் மேல்மட்டம் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 22 சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. தரையோ 1.4 மீட்டர் வித்தியாசப்பட்டது. அந்தப் பள்ளமெல்லாம் ஒரே வரிசையில், மூன்றாவது குறுக்குத் தெரு நெடுக இருந்தது. தாளில் அதைக் குறித்துப் பார்த்தபோது வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால் வடிவம் வந்தது.

புல வரைபடத்தில் அங்கே வாய்க்கால் இல்லை. பதிவேட்டிலும் இல்லை. அந்த நிலத்தில் முன்பு உழுதுகொண்டிருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஏரி கோடி போனா தண்ணி இந்த வழியாத்தாம்மா வரும். மூணு நாளு நிக்கும், தானா வடிஞ்சிரும். நாங்க அதுல நெல்லுதான் போட்டோம், ஊடு கட்டலியே" என்றார். ஏரி கோடி போவது என்றால் நிரம்பி வழிவது. விவசாயிகள் தங்களுக்குள் விட்டுக்கொடுத்து, பட்டா நிலத்துக்குள்ளேயே வைத்திருந்த வாய்க்கால் அது. புறம்போக்காக இருந்தால் ஏட்டில் இருந்திருக்கும், ஆக்கிரமிப்பு என்று சொல்ல 2007-ம் வருடத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இதற்கு எதுவும் இல்லை. வயல் விற்றுப்போனதும் வாய்க்காலும் போய்விட்டது. உங்கள் ஊர் நஞ்சையிலும் இப்படி ஏட்டில் இல்லாத வாய்க்கால்கள் கட்டாயம் இருக்கும். இன்னும் அங்கே உழுபவர்கள் இருக்கும்போதே ஒரு நாள் அவர்களோடு நடந்து போய், செல்போனில் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் வரைபடத்தை ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம். "இது அங்கீகரிக்கப்பட்ட சர்வே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் வாங்கி வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு இளம் பொறியாளர் மட்டும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்துச் சிறுபாலத்தை இடித்துக் கட்டும்போது அவரே கூப்பிட்டு, "மேடம், உங்க மூணாவது தெரு மட்டம் என்ன?" என்று கேட்டார். பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும் தரையை முன்பு போட்டதைவிடத் தாழ்வாக இறக்கினார்கள். 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டாம் நாளே வடிந்தது. அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்னமும் பெருமையாக இருக்கிறது.

இந்த இடத்தில் மனதில் கிடக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அலுவலகத்தில் நான் வரைந்த தாள்களின் மூலைக் கட்டத்தில் "வரைந்தவர்" என்ற இடத்தில் இரண்டு எழுத்து இனிஷியல் மட்டும் இருக்கும். கூட்டத்துக்குப் போகிறவர் வேறு, பேசுகிறவர் வேறு. மட்டத்தில் தப்பு இருக்கிறது என்று நான் சொன்னபோது, "நீங்க கோடு மட்டும் போடுங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். 27 வருடத்தில் ஒரு தடவைகூட நான் வரைந்த நிலத்தை நேரில் பார்க்க என்னைக் கூட்டிப் போனதில்லை. என்னோடு இருந்த மூன்று பெண்களுக்கும் இதே கதை. எங்கள் நகர் வரைபடத்தில் மட்டும் முழுப் பெயரை எழுதினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் புயல் மழையில் எங்களுக்கு வந்தது வேறு மாதிரி. 2015-ல் தண்ணீரே ஏறாத இரண்டு தெருக்களில் அப்போது இடுப்பளவு நின்றது. இடைப்பட்ட வருடங்களில் எங்களுக்கு மேற்கே ஒரு புது மனைப்பிரிவு வந்திருந்தது. ஐந்து ஏக்கரை நான்கு அடி உயர்த்தி மண் கொட்டியிருந்தார்கள். தங்கள் மனையில் தண்ணீர் நிற்காது என்று அவர்கள் காட்டிய காகிதம் சரியானதுதான், அங்கே நிற்கவில்லை. ஐந்து ஏக்கரில் நான்கு அடி என்றால் சுமார் 2 கோடியே 47 லட்சம் லிட்டர் தண்ணீர் நின்று போகும் இடம். அந்த இடத்தை மண் எடுத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்தில் இருப்பவன் வீட்டுக்குத்தான் போகும். அந்த இரண்டு தெருவுக்கும் முழுக் காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வெளிவட்டச் சாலையின் உயரமான கரைதான் காரணம் என்று எங்களில் பலர் சொல்கிறார்கள், அதுவும் சேர்ந்திருக்கலாம். ஆனால் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் கிராம சபையில் கேட்கும்போது "இந்த மனை மூழ்குமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "உயர்த்திவிடுகிறோம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், எல்லோரும் கை தட்டுவார்கள். உயர்த்தினால் இங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும், எத்தனை வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். மேலே எந்த ஏரியின் கலங்கல் தண்ணீர், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், இந்த வழியாக வருகிறது, அந்த ஏரிக்கு மேலே இன்னும் எத்தனை ஏரி, கீழே இருக்கும் சிறுபாலங்களில் தண்ணீர் போகும் கண்ணின் அகலம் என்ன என்பதும் அந்த ஆய்வில் வர வேண்டும். ஒரு மனையின் எல்லைக்குள் மட்டும் பார்க்கும் ஆய்வு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் எங்கள் ஊரில் நடந்ததைத் தடுத்திருக்காது.

"நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம்தானே" என்றும் சொல்வார்கள். எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம். முப்பது வருடம் ஒரு வீட்டில் இருந்தால் ஒரு தடவையாவது அதைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு, ஏறக்குறைய நாலில் ஒன்று. இருபத்தைந்து வருட வெள்ளத்தை வைத்துத் திட்டம் போட்டிருந்தால் அதே முப்பது வருடத்தில் 70 சதவீதம். எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்று கேளுங்கள். கேட்பவர் அர்த்தம் தெரிந்து கேட்கிறார் என்று தெரிந்தாலே பதில் சொல்லும் தோரணை மாறும், இதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை. ஊருக்கு வீடு வேண்டும், வேலைக்கு வருபவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? அந்த நஞ்சையிலேயே மேட்டுப் பக்கம் வீடும், வாய்க்கால் வழியில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் விட முடியும். மனைப்பிரிவில் பொது இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி எப்படியும் இருக்கிறது. பெரும்பாலும் விற்க முடியாத ஏதோ ஒரு மூலையை ஒதுக்குகிறார்கள். அதைப் பள்ளத்தில் ஒதுக்கச் சொல்ல மட்டம் எடுத்த ஒரு தாள் போதும். எங்கள் மூன்றாவது தெருவை அப்படி விட்டிருந்தால் பதினான்கு மனை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு தடவை. மார்ச் 22-க்கும் நவம்பர் 1-க்கும் போங்கள். நவம்பர் 1 மழைக்காலம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அன்றைக்கே போய்க் காட்டலாம். பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, "ஆய்வு செய்ய வேண்டும்" என்பது "ஆய்வு செய்யப் பரிசீலிக்கலாம்" என்று மாறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஊரில் அப்படி மாறியதை நான் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.