மீன் குழம்பும் 'மீன்' குழம்பும்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் பாஸ்டனிலிருந்து எங்கள் மேலாளர் வந்திருந்தார். வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் மனைவி வைத்த வஞ்சிர மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "யூ மேக் எ மீன் ஃபிஷ் கறி" என்றார். "பாரேன், தமிழில் மீன் என்கிறாரே!" என்று என் அம்மா பூரித்துப்போனார். மனைவிக்கு முகம் தொங்கிவிட்டது. 'மீன்' என்றால் அற்பம், கஞ்சத்தனம் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். மறுநாள் அலுவலகத்தில் என் வேலையை 'விக்கிட் குட்' என்றார். பாராட்டா, நக்கலா என்றே பிடிபடவில்லை. இப்படிப்பட்ட சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது? நான் பதில் எழுதும்போது எதைப் பயன்படுத்தலாம்? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: நாம் சொல்லும் 'ஏ ஒன்' நிஜ ஆங்கிலம்தானா, இல்லை நாமே உண்டாக்கிக்கொண்டதா?

கே., சென்னை

அன்புள்ள கே,

முதலில் உங்கள் மனைவியைச் சமாதானப்படுத்துங்கள். சமைப்பவர் கைக்கு அமெரிக்கர் சொல்லும் நல்ல பாராட்டு அது. இரண்டாம் முறை குழம்பு கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டாமா?

'மீன்' இந்தப் பொருளில் வர அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. முன்னால் 'எ', பின்னால் அந்த ஆள் செய்வது எதுவோ அது. ஒருவர் 'எ மீன் கிட்டார்' வாசிப்பார், இன்னொருவர் 'எ மீன் ஆம்லெட்' போடுவார். இடத்தை மாற்றி 'யுவர் கறி இஸ் மீன்' என்றால் எடுபடாது. ஆளைப் பார்த்து 'யூ ஆர் மீன்' என்றால் சண்டைதான். அப்புறம் 'நோ மீன் அச்சீவ்மென்ட்' என்று ஒன்று இருக்கிறது; லேசுப்பட்ட சாதனை இல்லை என்று அர்த்தம். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் பவுல் தன் ஊரான தர்சுவை 'நோ மீன் சிட்டி' என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஆக, 'நோ' சேர்த்தாலும் பாராட்டு, சேர்க்காவிட்டாலும் பாராட்டு. பள்ளியில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

'விக்கிட்' (கிரிக்கெட் விக்கெட் வேறு) ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மேலாளர் பாஸ்டன்காரர் என்பதால் விஷயம் சுலபம். அந்த வட்டாரத்தில் அதற்கு 'ரொம்ப' என்பதுதான் பொருள். குளிர் அதிகமென்றாலும் 'விக்கிட் கோல்ட்' என்பார்கள். அவர் உங்களைப் பாராட்டியது 'குட்' என்ற சொல்லால். முன்னால் வந்தது அழுத்தத்துக்கு மட்டும். லண்டனில் அதே சொல் தனியாக நின்று 'பிரமாதம்!' என்று பொருள்படும்.

'பாம்' இன்னும் மோசம். அமெரிக்காவில் ஒரு நாடகம் 'பாம்ட்' என்றால் ஊற்றிக்கொண்டது. அதே அமெரிக்காவில் 'தி பாம்' என்றால் அசத்தல். பிரிட்டனில் 'வென்ட் டவுன் எ பாம்' என்றால் கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. அகராதியில் 'வெடிகுண்டு' என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. முன்னால் 'எ' வந்ததா, 'தி' வந்ததா, பேசியவர் எந்த ஊர்க்காரர், இவைதான் காட்டிக்கொடுக்கும்.

நமக்கு இது புதிதும் இல்லையே. நன்றாகப் பாடுகிறவனை 'பாவி, என்னமா பாடுறான்' என்கிறோம். ஆட்டம் முடிந்து இறங்கும் பெண்ணிடம் 'கொன்னுட்டே போ' என்கிறோம். நடிப்பில் 'ராட்சசி' என்கிறோம். சாப்பாடு 'பயங்கரமா' இருந்தது என்று சொன்னால், தமிழ் கற்றுக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர் பந்தியைவிட்டே எழுந்துவிடுவார்.

இனி உங்கள் 'ஏ ஒன்'. அசல் ஆங்கிலம்தான், அதிலும் பழைய சரக்கு. எட்வர்ட் லாய்ட் என்பவர் லண்டனில் தொடங்கிய காபிக் கடை, அவர் காலத்துக்குப் பிறகும் கப்பல் முதலாளிகளும் சரக்கு வணிகர்களும் காப்பீடு எழுதுகிறவர்களும் கூடும் இடமாக இருந்தது. கடலுக்குப் போகும் கப்பலை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக அந்தக் கடை வாடிக்கையாளர்கள் 1760இல் ஒரு சங்கம் வைத்து, 1764இல் கப்பல்களின் பதிவேட்டை அச்சிட்டார்கள். கப்பலின் உடற்பகுதிக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று உயிரெழுத்தில் தரம். பாய்மரம், கயிறு, நங்கூரம் போன்ற சாமான்களுக்கு முதலில் 'நல்லது, நடுத்தரம், மோசம்' என்பதைக் குறிக்கும் எழுத்துகள். சில ஆண்டுகளில் அவை 1, 2, 3 என்ற எண்களாயின. உடல் ஏ, சாமான் ஒன்று என்று குறித்திருந்தால் அந்தக் கப்பலை நம்பிப் பணம் போடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது துறைமுகத்தைவிட்டு ஊருக்குள் வந்து, மனிதருக்கும் பண்டத்துக்கும் பொதுவாகிவிட்டது. மளிகைக் கடை அண்ணாச்சி 'பருப்பு ஏ ஒன் சார்' என்கிறாரே, அவர் வாயில் வருவது கப்பல் காப்பீட்டுக்காரரின் குறிப்பு.

'ஃபர்ஸ்ட் ரேட்' என்பதும் கப்பலிலிருந்து வந்ததுதான், ஆனால் போர்க்கப்பல். நூறு பீரங்கியும் அதற்கு மேலும் சுமந்தவற்றைப் பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தரத்தில் வைத்தது. 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் இருந்த விக்டரி அந்த வகை. போர்ட்ஸ்மத்தில் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

என் கட்சி இதுதான்: இப்படி ஏதோ ஒரு தொழிலில் நிறுத்து அளந்து பிறந்த சொற்கள் எளிதில் நீர்த்துப்போவதில்லை. 'ஆசம்' கதியைப் பாருங்கள். கடவுள் முன்னால் மனிதனுக்கு வரும் நடுக்கத்தைச் சொன்ன சொல், இன்று அமெரிக்க ஓட்டலில் 'தண்ணீர் போதும்' என்றாலே பரிமாறுகிறவர் சொல்கிற சொல்லாகிவிட்டது.

சாட்டில் யாராவது ஆட்டுப் படம் அனுப்பினாலும் கலங்க வேண்டாம். 'எக்காலத்துக்கும் தலைசிறந்தவர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கோட்' (GOAT), அதாவது ஆடு வரும். முகமது அலிக்காக அவர் மனைவி 1992இல் அந்தப் பெயரில் ஒரு நிறுவனத்தையே பதிவு செய்தார். அமெரிக்க விளையாட்டில் அதற்கு முன்பு ஆடு என்றால், தன் தவறால் அணியைத் தோற்கடித்தவன்!

அலுவலகத்தில் என்ன எழுதலாம்? 'நெயில்ட் இட்' தைரியமாக எழுதலாம். சொன்ன வேலையைக் கச்சிதமாக முடித்தவருக்கு அது பொருந்தும். 'கிரஷ்ட் இட்' சக ஊழியருக்குச் சரி, பெரிய அதிகாரிக்கு வேண்டாம். 'பிரமாதம்' என்ற பொருளில் இளைஞர்கள் சொல்லும் 'சிக்' வேண்டவே வேண்டாம். உடம்பு சரியில்லை என்று விடுப்பு கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். 'ராக்ஸ்டார்', 'நிஞ்சா' இரண்டும் எனக்குச் சலித்துவிட்டன, உங்கள் இஷ்டம்.

பாஸ்டனை விட்டு லண்டன்காரரிடம் வேலை பார்க்க நேர்ந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கர் 'கொய்ட் குட்' என்றால் மிக நன்று. ஆங்கிலேயர் அதையே சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்றுதான் பொருள். கோப்பைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். அவரே 'நாட் பேட் அட் ஆல்' என்று எழுதியிருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சம்பள உயர்வு பேசும்போது உதவும்.