கேமராவைக் கொடுத்தது துறவு அல்ல

கேள்வி: வயது 34. மூன்று மாதமாக உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. அழுகையும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. முடி கொட்டுகிறது, மறதி, காதில் இரைச்சல். இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன், எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்றது. ஒரு காணொளியோ, இதுதான் பௌத்தம் சொல்லும் சூனிய நிலை, பெரும் பேறு என்கிறது. நண்பர் தந்த தூக்க மாத்திரை தினமும் எடுக்கிறேன். ஆசையாக வைத்திருந்த கேமராவையும் புத்தகங்களையும் போன வாரம் கொடுத்துவிட்டேன். நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது என்று தோன்றுகிறது. மனம் லேசாக இருக்கிறது. இது பைத்தியத்தின் தொடக்கமா?

பதில்: இல்லை. இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். நான் பயப்படுவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிகளைப் பார்த்துத்தான்.

ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்துவிடுவது, நான் இருந்தும் பயனில்லை என்ற எண்ணம், அதன்பின் திடீரென்று லேசாகும் மனம். இவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதைத் தற்கொலை அபாயமாகவே எடுத்துக்கொள்வோம். சாக வேண்டும் என்று நீங்கள் நினைக்காமலும் இருக்கலாம். அதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை நான் நிம்மதியாக இருக்க முடியாது. இன்றே வீட்டில் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மாத்திரைகள் அவர் பொறுப்பில் இருக்கட்டும். அவருடன் சென்று மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்போது, எப்படி என்று மனம் திட்டம் போடத் தொடங்கினால் முன்பதிவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், தனியாக அல்ல. வீட்டாருக்கும் ஒன்று: "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அந்தக் காணொளிக்காரர் பௌத்தத் தத்துவ ஞானி நாகார்ஜுனரின் பக்கமே போனதில்லை என்று தெரிகிறது. எந்தப் பொருளும் தனித்து நிற்பதில்லை, ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்பதுதான் சுமார் 2ஆம் நூற்றாண்டில் அவர் நிறுவிய சூனியவாதம். அந்தக் கணக்கில், நீங்கள் இல்லாவிட்டால் எதுவும் குறையாது என்பதே பிழை. சூனியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால், பிடிக்கத் தெரியாமல் பிடித்த பாம்புபோல் அது அழித்துவிடும் என்று அவரே எச்சரித்திருக்கிறார். நம் மணிமேகலையும் பற்றை விட்டாளே தவிர மனிதரை விடவில்லை; அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களைத் தேடித்தான் போனாள். சிரிப்பும் அழுகையும் வற்றிப்போவதை எந்தப் புத்த குருவும் ஞானம் என்று சொல்லமாட்டார்.

இணையத் தேர்வைத் தூக்கிப் போடுங்கள். எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கான 9 அறிகுறிகளில் நாள்பட்ட வெறுமை ஒன்று, அவ்வளவுதான். குறைந்தது 5 இருக்க வேண்டும். அதுவும் இளம் வயதிலிருந்தே தொடர வேண்டும். மூன்று மாதமாக எதிலும் ஈடுபாடு இல்லாத ஒருவரிடம் நான் முதலில் சந்தேகிப்பது மனச்சோர்வு நோயை. அதற்கு அழுகை வந்தே தீர வேண்டும் என்றில்லை. பலருக்கு வெறுமையாகத்தான் வரும். சிகிச்சையில் குணமாகும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவும் இப்படி மந்தமாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். உங்கள் மறதிக்கும் முடி கொட்டுவதற்கும் அங்கேயே விடை கிடைக்கலாம். காது இரைச்சல் காத்திருக்கட்டும்.

நண்பர் மருத்துவர் இல்லையே, அவர் கொடுத்ததை எதற்கு விழுங்கினீர்கள்? சில தூக்க மாத்திரைகள் மனச்சோர்வை மோசமாக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். அதற்காக இன்றிரவே திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அட்டையை அப்படியே எடுத்துச் சென்று காட்டுங்கள், எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார்.