சிறியதொரு ஷெல் மொழி (கணினிக்குக் கட்டளை கொடுக்கும் மொழி) செய்கிறேன். மாறிகளுக்கு வகை வேண்டுமா? அணியை எப்படி அறிவிக்க விடுவது?

வகைகளைக் கனக்கச் சேர்க்க வேண்டாம். சரம் (எழுத்துத் தொடர்), பட்டியல், சாவியால் தேடும் அணி, இந்த மூன்றும் காணும். ஆனால் பட்டியலை அத்திவாரத்திலேயே வையுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், பலரும் பாவிக்கும் ‘பாஷ்’ ஷெல் பட்ட பாடுதான்.

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு ஷெல் படிப்பிக்கிறேன். அவர்கள் அதிகம் தடுமாறுவது மேற்கோள்குறியில். 1979இல் வந்த போர்ன் ஷெல்லில் எல்லா மாறியும் சரம். மேற்கோள்குறி போடாவிட்டால் ஷெல் அதை இடைவெளியில் வெட்டிவிடும். பாஷும் அப்படியே. ‘நல்லூர் தேர்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது, அந்தப் பெயர் ஒரு மாறியில் இருக்கிறது என்று வையுங்கள். மேற்கோள்குறி இல்லாமல் அந்த மாறியை அழிக்கும் கட்டளைக்குக் கொடுத்தால் ‘நல்லூர்’, ‘தேர்’ என்று இரண்டு கோப்புகளைத் தேடும். ‘தேர்’ என்ற பெயரில் வேறொரு கோப்பு அங்கே இருந்தால், பாவம், அது போய்விடும். இது பிள்ளையின் பிழையில்லை, மொழியின் பிழை.

சாவி அணி பாஷுக்கு 4.0 பதிப்பில், 2009இல்தான் வந்தது. அதை ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ போட்டு ‘டிக்ளேர்’ கட்டளை மூலம் அறிவிக்க வேண்டும். மறந்துவிட்டு, கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று ஆங்கில எழுத்தில் மூன்று சாவிகளுக்கு மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். சாவியைக் கணக்காக எடுத்து, மதிப்பில்லாத மாறி என்று 0 ஆக்கி, மூன்றையும் ஒரே இடத்தில் எழுதும். கடைசியாக எழுதியது மட்டும் மிஞ்சும்; ஒரு எச்சரிக்கையும் வராது. உங்கள் மொழியில் அறிவிக்காத அணிக்குச் சாவி கொடுத்தால் அந்த வரியிலேயே நிற்பாட்டுங்கள்.

முழு எண்ணுக்குத் தனி வகை தேவையில்லை, கணக்குப் போடும் இடத்தில் மாற்றினால் சரி. முன்னால் சுழியம் வரும் எண்ணை எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும்) எடுக்காதீர்கள். பாஷில் ஓகஸ்ட் மாதத்து ‘08’ கணக்கில் பிழை கொடுப்பது அதனால்தான்.

பின்பற்றுவதென்றால் பிளான் 9 என்ற இயங்குதளத்துக்காக டொம் டஃப் எழுதிய ‘ஆர்சி’ ஷெல்லைப் பாருங்கள். அங்கே எல்லா மாறியும் பட்டியல். ஒற்றைச் சரம் என்பது ஓர் உறுப்புள்ள பட்டியல். மாறிக்குள் போன மதிப்பைத் திரும்ப வெட்டுவதில்லை. ‘ஃபிஷ்’ ஷெல்லும் இந்த வழிதான். இதில் வெற்றுச் சரமும் வெற்றுப் பட்டியலும் வேறு வேறு: முதலாவது கட்டளைக்கு ஒரு வெறுமையான உள்ளீடாகப் போகும், இரண்டாவது ஒன்றுமே போகாது. பாகுபடுத்தியை (கட்டளை வரியைப் பிரித்துப் படிக்கும் பகுதியை) எழுத முதல் இந்த இரண்டுக்கும் சோதனை எழுதி வையுங்கள்.